மருந்துக்கு ஓர் ஆணிப்பொன்

மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் எடை உண்மைதானா என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிட்டிகைத் தூள். அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காத இடங்களில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள்.

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள மருந்துக் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் காலை வேலை பெரும்பாலும் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதில்தான் தொடங்குகிறது. வெளியே லாரிகளின் இரைச்சல், லேத் பட்டறைகளின் சத்தம். உள்ளே பூட்டுப் போட்ட பெட்டியில் விரல் நீளம்கூட இல்லாத பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதில் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைப்பார் பகுப்பாய்வாளர். உடனே திறக்கமாட்டார். குப்பியின் சில்லிப்பு போய் அறையின் வெப்பநிலைக்கு வரவேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே இருக்கும் வெள்ளைத் தூளில் படிந்துவிடும். அந்த ஈரத்துக்கும் எடை உண்டு.

பிறகு தராசு. மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் இந்தத் தராசு மூச்சுக் காற்றுக்கே ஆடும் என்பதால் நான்கு புறமும் கண்ணாடிக் கதவு. கல் மேடைமீது வைத்திருப்பார்கள். பத்து, இருபது மில்லிகிராம் எடுத்தால் போதும். குப்பியில் இருப்பதே மொத்தம் நூறு, இருநூறு மில்லிகிராம்தான்.

இந்தத் தூளை யாரும் சாப்பிடப்போவதில்லை. இதற்கு ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட் என்று பெயர். ஒப்பீட்டுத் தரப்பொருள் என்று தமிழில் சொல்லலாம். பரிசோதனைக் கூடங்களில் சுருக்கமாக 'ஸ்டாண்டர்ட்' என்கிறார்கள். நாடு முழுவதும் விற்கும் மாத்திரை, டானிக், ஊசி மருந்துகளின் தரம் பற்றி எழுதப்படும் எண்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குப்பிகளைப் பார்த்து எழுதப்படுபவை.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான டோலோ 650 மாத்திரையையே எடுத்துக்கொள்ளலாம். அதைத் தயாரிக்கும் மைக்ரோ லேப்ஸின் தலைமையகம் பெங்களூர்தான். 650 என்பது மாத்திரையில் உள்ள பாரசிட்டமாலின் அளவு, மில்லிகிராமில். மாத்திரையைத் தராசில் போட்டால் இந்த எண் வராது. ஏனென்றால் மாத்திரையில் மாவுச்சத்து இருக்கிறது, பசை இருக்கிறது, அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்த்த வழவழப்பான பொருளும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே மருந்து எவ்வளவு?

இதற்குப் பதில் சொல்ல இன்று பரவலாகப் பயன்படுவது ஹெச்.பி.எல்.சி. என்ற இயந்திரம். மாத்திரையைப் பொடித்துக் கரைத்த திரவத்தை நுண்ணிய துகள்கள் அடைத்த எஃகுக் குழாய் ஒன்றின் வழியாக மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தன்தன் வேகத்தில் குழாயைக் கடந்து வெளியே வருகின்றன. கடைசியில் இருக்கும் ஒளி உணர் கருவி ஒவ்வொன்றையும் கணினித் திரையில் ஒரு மேடாக வரைந்து காட்டுகிறது. ஆறாவது நிமிடத்தில் ஒரு மேடு, ஒன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆறாவது நிமிடத்தில் வந்தது பாரசிட்டமாலா, அது எத்தனை மில்லிகிராம் என்றெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது.

எனவே முதலில் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். குப்பியிலிருந்து எடுத்த, தூய்மை தெரிந்த பாரசிட்டமாலைத் துல்லியமாக நிறுத்து, கரைத்து, அதே குழாயில் அனுப்புகிறார்கள். அதன் மேடு எந்த நிமிடத்தில் வருகிறது, எவ்வளவு பெரிதாக வருகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு மாத்திரைக் கரைசல். இரண்டு மேடுகளும் ஒரே நிமிடத்தில் வந்தால் பொருள் ஒன்று. பரப்பளவை ஒப்பிட்டால் அளவு. மாத்திரையில் எழுதியதில் 95 முதல் 105 சதவீதம்வரை மருந்து இருந்தால் தேர்ச்சி என்று இந்திய பார்மகோபியா பாரசிட்டமால் மாத்திரைக்கு வரம்பு வைத்திருக்கிறது. 650 என்றால் 617.5 மி.கி. முதல் 682.5 மி.கி. வரை.

முன்பு வேறு வழி இருந்தது. குறிப்பிட்ட அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைத் தூய பாரசிட்டமால் கரைசல் எவ்வளவு உறிஞ்சும் என்று பார்மகோபியாவிலேயே ஓர் எண்ணை அச்சிட்டு வைத்திருந்தார்கள். அந்த எண் 715. குப்பி தேவையில்லை, புத்தகம் போதும். செலவு குறைவு. ஆனால் கருவி சரியாக இருக்கிறதா, கண்ணாடிக் குடுவையில் கீறல் இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த எண் கண்டுகொள்ளாது. அதே நாளில், அதே கருவியில், அதே கையால் ஸ்டாண்டர்டையும் ஓட்டிப் பார்த்தால் கருவியின் கோளாறு இரண்டையும் ஒரே மாதிரி பாதித்து, ஒப்பிடும்போது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

தமிழனுக்கு இது புதிய சங்கதி அல்ல. பொற்கொல்லர் உரைகல்லில் நகையை மட்டும் உரசிப் பார்த்து மாற்றுச் சொல்லிவிடுவதில்லை. மாற்றுத் தெரிந்த பொன்னையும் பக்கத்தில் உரசி இரண்டு கோடுகளையும் ஒப்பிடுவார். அப்படி ஒப்பிட வைத்திருக்கும் உயர்ந்த பொன்னுக்குத்தான் ஆணிப்பொன் என்று பெயர். இன்று 'உயர்ந்த பொன்' என்ற பொருள் மட்டுமே அந்தச் சொல்லில் தங்கிவிட்டது, 'ஒப்பிடுவதற்கான பொன்' என்ற பொருள் அகராதியோடு சரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், நகைகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகச் சொல்கின்றன. வெறும் எடையை எழுதினால் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தது என்றும் எழுத வேண்டும் என்ற எச்சரிக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. இன்றைய பகுப்பாய்வு அறிக்கையிலும் ஸ்டாண்டர்டின் தொகுப்பு எண் இல்லாவிட்டால் தணிக்கையாளர் அறிக்கையைத் தள்ளிவிடுவார்.

சரி, ஆணிப்பொன்னின் மாற்றை யார் சொல்வது? பாரசிட்டமாலின் தூய்மையை பாரசிட்டமாலை வைத்து அளந்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரவேண்டியதுதான். அதனால் நிபுணர்கள் தலைகீழாக வேலை செய்கிறார்கள். தூளில் பாரசிட்டமால் அல்லாதது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்று கார்ல் ஃபிஷர் முறையில் ஒரு கணக்கு. தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட கரைப்பான்களுக்குத் தனிக் கணக்கு. எரித்தால் மிஞ்சும் சாம்பல். கூடவே பிறந்த வேண்டாத வேதிப்பொருள்கள். எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது, உதாரணமாக, 99.7. இதே வேலையைப் பல பரிசோதனைக் கூடங்களில் தனித்தனியாகச் செய்து முடிவுகளை ஒத்துப் பார்த்த பிறகே குப்பியின் மேல் எண் ஒட்டப்படுகிறது. அணுக்கருக்களின் காந்தப் பண்பைக் கொண்டு மூலக்கூறுகளை எண்ணிவிடும் என்.எம்.ஆர். முறையும் இப்போது சாட்சிக்கு வருகிறது. அதில் ஒப்பிடுவதற்கு அதே மருந்து தேவையில்லை, தூய்மை நிலைநாட்டப்பட்ட வேறொரு பொருளே போதும்.

லேபிளில் இன்னொரு வரியும் இருக்கும். 'உள்ளபடியே பயன்படுத்துக' அல்லது 'உலர்த்திப் பயன்படுத்துக'. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சறுக்குகிற இடம் இது. 'உள்ளபடியே' என்ற தூளை உலர்த்திவிட்டாலும், உலர்த்த வேண்டியதை அப்படியே நிறுத்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

எவ்வளவு கெடும்? ஒரு ஸ்டாண்டர்ட் மூன்று சதவீதம் ஈரத்தை உறிஞ்சிவிட்டது, அதைக் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லிகிராம் என்று நிறுத்ததில் உண்மையில் மருந்து 97தான். அதன் மேடு சிறுத்துவிடும். சிறுத்த மேட்டுடன் ஒப்பிடும்போது மாத்திரையின் மேடு பெரிதாகத் தெரியும். 93 சதவீத மருந்து மட்டுமே உள்ள, நியாயமாகத் தோற்க வேண்டிய மாத்திரை, கிட்டத்தட்ட 96 என்று கணக்குக் காட்டித் தேறிவிடும். யாரும் பொய் எழுதவில்லை. இயந்திரம் பழுதில்லை. அந்தத் தொகுப்பில் உள்ள லட்சக்கணக்கான மாத்திரைகளும் கடைக்குப் போய்விடும். பாரசிட்டமாலில் இதனால் காய்ச்சல் கொஞ்சம் தாமதமாக இறங்கலாம். வலிப்பு நோய் மருந்திலோ ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்திலோ விளைவு வேறு மாதிரி இருக்கும்.

எல்லா மருந்தையும் மில்லிகிராமில் நிறுத்துவிடவும் முடியாது. பெங்களூரின் பயோகான் 2004-ல் 'இன்சுஜென்' என்ற மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை யூனிட்டில் போட்டுக்கொள்கிறார்கள். இந்த யூனிட் என்பதே ஒரு குப்பியிலிருந்து பிறந்ததுதான். 1925-ல் முதல் சர்வதேச இன்சுலின் ஸ்டாண்டர்ட் ஏற்படுத்தப்பட்டபோது, அந்தத் தூளில் இத்தனை மில்லிகிராமின் வலிமை ஒரு யூனிட் என்று வகுத்தார்கள். பிறகு இன்சுலின் தூய்மையாக ஆக ஆக, ஸ்டாண்டர்ட் மாறிக்கொண்டே வந்தது. யூனிட்டின் பொருள் மட்டும் மாறாமல் கைமாற்றிக் காப்பாற்றப்பட்டது. அந்தச் சங்கிலி அறுந்திருந்தால் ஊரூருக்கு ஒரு யூனிட் ஆகியிருக்கும்.

இந்தியாவில் இந்தக் கவலை போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கலப்பட மருந்துகள், குறிப்பாக மலேரியாவுக்கான கொய்னாவில் நடந்த மோசடி பற்றிக் குரல்கள் எழுந்த பிறகு, 1930-ல் ஆர்.என். சோப்ரா தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. கல்கத்தாவில் மத்திய மருந்துப் பரிசோதனைக் கூடம் உருவாயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் பார்மகோபியா 1955-ல் வெளியாயிற்று. எந்த மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும், சட்டத்தின் பலம் கொண்ட நூல் இது. ஆனால் நூலை அச்சிட்டால் மட்டும் போதுமா? 'ஸ்டாண்டர்டுடன் ஒப்பிடுக' என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிவிட்டு அந்த ஸ்டாண்டர்டைக் கொடுக்காவிட்டால், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கிய கதைதான். காஜியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் 2009-ல் தன்னாட்சி அமைப்பாக இயங்கத் தொடங்கிய பிறகே உள்நாட்டுக் குப்பிகளின் எண்ணிக்கை கணிசமாகப் பெருகியது. இன்று நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கான ஸ்டாண்டர்டுகளை அது விற்கிறது. தங்கத்துக்கும் இந்த நிலைதான். நூற்றுக்கு 99.99 தூய்மை கொண்ட உள்நாட்டு ஒப்பீட்டுத் தங்கத்தை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக் கூடமும் மும்பை நாணயச் சாலையும் சேர்ந்து வெளியிட்டது 2020-ல். ஆணிப்பொன் என்று சொல்லை வைத்திருந்த நாடு, அரசு முத்திரையுடன் அந்தப் பொருளைச் செய்துகொள்ள அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

பெங்களூர்க் கம்பெனிகளில் பல ஏற்றுமதியை நம்பி வாழ்பவை. அவர்களின் குளிர்பெட்டியில் ஒரே மருந்துக்கு மூன்று, நான்கு குப்பிகள் இருக்கும். அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு மேரிலாந்திலிருந்து வரும் யு.எஸ்.பி. குப்பி. ஐரோப்பாவுக்கு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக் குப்பி. பிரிட்டிஷ் குப்பி தனி. உள்நாட்டுக்கு காஜியாபாத். ஒரே மூலக்கூறு, தேசத்துக்கு ஒரு பாஸ்போர்ட். உள்நாட்டுக் குப்பி ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். வெளிநாட்டுக் குப்பிக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும், டாலரில் கட்ட வேண்டும், சுங்கத்தில் வெயிலில் கிடக்காமல் வந்து சேர வேண்டும். மருந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத பொருள்களுக்கான ஸ்டாண்டர்டுகள் இன்னும் மோசம். இருபது, முப்பது மில்லிகிராம் உள்ள குப்பிக்குக் கேட்கும் விலையைக் கிராமுக்குக் கணக்கிட்டால் தங்கம் பல மடங்கு மலிவு.

அதனால் தினசரி வேலைக்குக் கம்பெனிகள் நகல் எடுத்துக்கொள்கின்றன. தங்கள் சொந்தத் தயாரிப்பிலிருந்தே நல்ல தொகுப்பு ஒன்றை எடுத்து, பார்மகோபியாக் குப்பியுடன் ஒப்பிட்டு, 'வொர்க்கிங் ஸ்டாண்டர்ட்' என்று பெயர் சூட்டிச் சிறு சிறு குப்பிகளில் அடைத்துவிடுகிறார்கள். இதை விதி அனுமதிக்கிறது. தவறு தொடங்குவது, பணத்தைப் பார்த்து நகலிலிருந்து நகல் எடுக்கும்போது. ஒவ்வொரு படியிலும் அரை சதவீதம் சறுக்கினால் நான்காவது படியில் எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

குப்பியே இல்லாத ஆபத்தும் உண்டு. 2018-ல் ரத்த அழுத்தத்துக்கான வால்சார்ட்டான் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருள் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு ரானிட்டிடின். நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கு மருத்துவரைக் கேட்காமலே வாங்கி விழுங்கிய ரான்டாக், ஜின்டாக் எல்லாம் அதுதான். அந்த மருந்துகள் அதுவரை எல்லாச் சோதனைகளிலும் தேறியே வந்தன. என்.டி.எம்.ஏ.வைத் தேட வேண்டும் என்று எந்த பார்மகோபியாவும் அவற்றுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் உடலில் 96 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உலகம் முழுவதும் மருந்துக் கம்பெனிகள் ஒரே நேரத்தில் என்.டி.எம்.ஏ. ஸ்டாண்டர்டைத் தேடி ஓடின. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து ரானிட்டிடின் 2022-ல் நீக்கப்பட்டது.

எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்கிறோம் என்பதால், தேடாதது கண்ணில் படாமலே போகலாம். இருமல் மருந்துகளின் கதை இதுதான்.

குழந்தைகளுக்கான சிரப்பில் மருந்து கரைய புரோப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் சேர்ப்பது வழக்கம். இரண்டும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, இனிப்பானவை. தொழிற்சாலைகளில் பயன்படும் டைஎத்திலீன் கிளைக்காலும் நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. அது சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. சிரப்பில் பாரசிட்டமால் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.எல்.சி.க்கும் தெரியாது. அதிலுள்ள ஒளி உணர் கருவி பார்க்கும் புற ஊதாக் கதிரை இந்த நஞ்சு உறிஞ்சுவதில்லை. பாரசிட்டமால் துல்லியமாக நூறு சதவீதம் என்று காட்டும் அதே சிரப் குழந்தையைக் கொன்றுவிடலாம். நஞ்சைக் கண்டுபிடிக்க வேறு இயந்திரம், கேஸ் குரோமடோகிராஃபி, வேண்டும். அதில் முதலில் டைஎத்திலீன் கிளைக்காலின் ஸ்டாண்டர்டை ஓட்டி, எந்த நிமிடத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு சிரப்பை ஓட்ட வேண்டும். இந்த ஸ்டாண்டர்ட் விலை உயர்ந்த ரகமும் அல்ல. இயந்திரம் வாங்க முடியாத இடத்தில் மெல்லிய பூச்சுத் தகட்டில் சொட்டு வைத்துப் பார்க்கும் மலிவான முறையும் இருக்கிறது. அதிலும் சிரப்புக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டின் சொட்டை வைத்தாக வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீர் பிரியாமல் ஒவ்வொருவராக இறந்தார்கள். சந்தேகத்துக்குள்ளான கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஸ்ரீசன் கம்பெனியில். அக்டோபர் முதல் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அங்கே போய் எஸ்.ஆர்.-13 என்ற தொகுப்பிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அன்று ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. கருவிகளுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கும் அந்த இரண்டு நாளில் சென்னை அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் கருவிகளுக்கு ஓய்வில்லை. மறுநாளே முடிவு வந்துவிட்டது: டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 0.1 சதவீதம். அதாவது 486 மடங்கு. கிட்டத்தட்டப் பாதி பாட்டில் நஞ்சு. மத்தியப் பிரதேசக் கூடம் தனியாகச் சோதித்தபோது 46 சதவீதத்துக்கு மேல் என்று வந்தது. இரண்டு மாநிலங்களில் இரண்டு கூடங்கள் இவ்வளவு நெருங்கிய எண்ணைச் சொல்ல முடிந்தது என்றால், இரண்டும் தத்தம் கையிலிருந்த ஸ்டாண்டர்டை ஒழுங்காக ஓட்டியிருக்கின்றன என்று பொருள்.

அந்தத் தொழிற்சாலையில் 39 மிக மோசமான குறைபாடுகளும் 325 பெரிய குறைபாடுகளும் கண்டுபிடிக்கப்பட்டதாக அரசு அறிக்கை சொன்னது. மருந்துத் தரத்தில் இல்லாத புரோப்பிலீன் கிளைக்கால் பயன்பட்டிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிர் போன பிறகு, அக்டோபரிலேயே, கம்பெனியின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. இத்தனை குறைபாடுகளும் ஒரே நாளில் முளைத்திருக்க முடியாது. அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் அதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி தமிழகத்தில் எழுந்ததில் வியப்பில்லை.

இது முதல் தடவையாக இருந்தால் அறியாமை என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1937-ல் இதே நஞ்சு கலந்த சல்ஃபானிலமைடு டானிக்கால் நூறு பேருக்கு மேல் இறந்து, மறு ஆண்டே அங்கே கடுமையான சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில்? 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்திருந்த நஞ்சுக்கு 14 நோயாளிகள் பலியானார்கள். நீதிபதி லெண்டின் தலைமையிலான கமிஷன் மருத்துவமனையிலிருந்து அமைச்சர்வரை யாரையும் விட்டுவைக்காமல் அறிக்கை கொடுத்தது. 1998-ல் டெல்லி வட்டாரத்தில் 33 குழந்தைகள். 2020-ல் ஜம்மு பகுதியில் குறைந்தது 11, 12 குழந்தைகள். ஒவ்வொரு முறையும் அதே நஞ்சு, ஒவ்வொரு முறையும் பார்க்காமல் விட்ட அதே சோதனை.

2022-ல் காம்பியாவில் குறைந்தது 66 குழந்தைகள் இறந்ததை இந்தியச் சிரப்புகளோடு தொடர்புபடுத்தி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தபோது இன்னொரு சிக்கலும் தலைகாட்டியது. அந்த நிறுவனம் வெளிநாட்டுக் கூடங்களில் சோதித்த பாட்டில்களில் நஞ்சு இருந்தது. இந்தியாவில் கம்பெனி வசம் இருந்த மாதிரிகளைச் சோதித்தபோது இல்லை என்றது இந்திய அரசு. ஸ்டாண்டர்ட் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் எதிரே வைக்கும் பாட்டில் வேறாக இருந்தால் என்ன செய்வது? அடுத்த ஆண்டு ஜூன் முதல், இருமல் சிரப்புகளை ஏற்றுமதி செய்யும் முன் அரசுக் கூடங்களிலோ அங்கீகரித்த கூடங்களிலோ சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. காம்பியாக் குழந்தைக்குப் போகும் பாட்டிலுக்கு இந்த விதி. பராசியாக் குழந்தைக்குப் போன பாட்டிலுக்கு இது பொருந்தவில்லை.

கர்நாடகத்துக்கும் இந்த வேதனை தெரியும். 2024 நவம்பரில் பள்ளாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மேற்கு வங்கக் கம்பெனி ஒன்று அனுப்பிய அந்தத் திரவத்தின் சில தொகுப்புகளைத் தரமற்றவை என்று மாநிலக் கூடம் முன்பே சொல்லியிருந்தது. கம்பெனி அதை எதிர்த்தது. கொல்கத்தாவின் மத்தியக் கூடமோ தரம் சரி என்று சான்று கொடுத்தது என்பது மாநில சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவின் புகார். சட்டப்படி இது முறையான வழிதான். அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை 28 நாளுக்குள் எதிர்க்கலாம். வழக்கு வந்தால் நீதிமன்றம் மாதிரியைக் கொல்கத்தாவுக்கு அனுப்பலாம், அங்கிருந்து வரும் அறிக்கையே முடிவானது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நரம்பில் ஏற்றும் திரவத்தில் கிருமி இருக்கிறதா, செத்த கிருமியின் நச்சு இருக்கிறதா என்பவை முக்கியமான சோதனைகள். கிருமி நச்சையும் இன்சுலினைப் போல யூனிட்டில்தான் அளக்கிறார்கள், அதற்கும் ஒரு ஸ்டாண்டர்ட் குப்பி உண்டு. ஆனால் கிருமி பாட்டிலுக்குப் பாட்டில் மாறக்கூடியது. ஒரே தொகுப்பில் ஒரு பாட்டில் சுத்தமாகவும் அடுத்தது கெட்டும் இருக்கலாம். கெட்ட பாட்டில் ஒரு கூடத்துக்கும் நல்ல பாட்டில் இன்னொரு கூடத்துக்கும் போனால் இரண்டு அறிக்கைகளும் உண்மையாகவே இருக்க முடியும். இப்படிப்பட்ட சோதனையில் பின்னால் வந்த அறிக்கையே முடிவானது என்று சட்டம் சொல்வது எந்த அளவுக்குச் சரி என்ற விவாதத்தைப் பள்ளாரிச் சாவுகள் கிளப்பிவிட்டன.

சிந்த்வாராவுக்குப் பிறகு பார்மகோபியா ஆணையமும் விதியைத் திருத்தியது. மூலப்பொருளில் மட்டுமின்றி, தயாராகி முடிந்த வாய்வழித் திரவ மருந்திலும் டைஎத்திலீன் கிளைக்காலையும் அதன் உறவுப் பொருளான எத்திலீன் கிளைக்காலையும் தேட வேண்டும். காஞ்சிபுரத்துக் கம்பெனியைப் போன்ற சிறு கம்பெனிகள் நாடெங்கும் இருக்கின்றன. அவற்றில் கேஸ் குரோமடோகிராஃபி இயந்திரமே இல்லாதவை வெளிக் கூடங்களுக்கு மாதிரி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாள்களுக்குச் சரக்கு கிடங்கில் முடங்கும். முடங்குகிற பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் விதியை எவ்வளவு மதிப்பார்கள் என்பதை இன்ஸ்பெக்டர்கள் எவ்வளவு அடிக்கடி கதவைத் தட்டுகிறார்கள் என்பதே முடிவு செய்யும்.

பீன்யாவில் மாலை ஷிப்ட் தொடங்கும் நேரம். காலையில் திறந்த குப்பி பாராஃபின் பட்டையால் இறுகச் சுற்றப்பட்டுத் திரும்பக் குளிர்பெட்டிக்குப் போகிறது. பதிவேட்டில் தேதி, மருந்தின் பெயர், தொகுப்பு எண், எடுத்த அளவு, எடுத்தவர் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் மீதி எத்தனை மில்லிகிராம் என்று எழுத வேண்டும். அது இன்னும் ஒரு நிறுவைக்குப் போதாது என்றால் பகுப்பாய்வாளர் காஜியாபாத்துக்கு ஆர்டர் போடச் சொல்லிக் கொள்முதல் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.